மலையகத்துத் தண்ணீரை வியூக விளையாட்டுக்குள் அமைப்பது எப்படி

வியூக விளையாட்டுகளில் தண்ணீர் அநேகமாக உண்டு, இல்லை என்ற இரண்டே பதிலோடு முடிந்துவிடும். ஆற்றங்கரைக் கட்டத்தில் ஊர் வைத்தால் தண்ணீர் உண்டு. தள்ளி வைத்தால் ஒரு கிணறு வெட்டினால் சரி. சமதரை வரைபடத்துக்கு இது ஓரளவு போதும். இலங்கை மலையகத்தில் ஹட்டன், நானுஓயா, ஹப்புத்தளைப் பக்கத்து மலையை வரைபடமாக்கினால் இந்த முறை உடனே உடைந்துபோகும். அங்கே ஓடைக்குக் குறைவில்லை. ஓடை பள்ளத்தில் ஓடுகிறது, லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடு) 80 மீற்றர் மேலே நிற்கிறது, சிக்கல் அவ்வளவுதான். 1,400 மீற்றரில் கசியும் ஊற்று அதற்குக் கீழே இருக்கும் எவருக்கும் போகும். பள்ளத்துக்கு இறங்கிவிட்ட தண்ணீரை மேலே கொண்டுவரக் குடமும் இடுப்பும்தான் வழி. ஆகவே ஆட்டக்காரர் சேமிக்கவும் செலவழிக்கவும் வேண்டிய முதல் பொருள் உயரம். லீற்றர் அதற்கு அடுத்ததுதான். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு தீர்மானத்திலிருந்து பிறக்கிறது.

எந்தக் காலம்?

மலையகத்துக்கு மூன்று காலங்களை வைக்கலாம். ஒவ்வொன்றிலும் தண்ணீரிடம் கேட்பது வேறு.

1815 வரையான கண்டி இராச்சியக் காலத்தில் தண்ணீர் போவது வயலுக்கு. ஓடையின் குறுக்கே கம்பும் கல்லும் களிமண்ணும் கொண்டு சிறு அணை, அதிலிருந்து மலைச்சரிவோடு போகும் வாய்க்கால், கீழே படிப்படியாக வயல். குடிதண்ணீருக்குக் கித்துல் அல்லது கமுகு மரத்தைப் பிளந்து குடைந்த பீலி. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வயல் நிலத்தை மறித்துக் கட்டிய கண்டி வாவியையும் விட்டுவிடாதீர்கள். அரண்மனை வாசலில் நிற்கும் நீர் அரசனின் பெருமைக்கானது. அதற்கு லீற்றர்க் கணக்கில் பலன் கொடுக்காமல் செல்வாக்குக் கணக்கில் கொடுங்கள். கட்டுவதற்கு ஊழியம் பிடிக்கப்பட்ட குடிகளின் மனக்கசப்பையும் அதே கணக்கில் கழியுங்கள்.

அடுத்தது கோப்பிக் காலம். கோப்பிப் பழத்தைத் தோலுரித்து, ஊறவைத்து, கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும், அதுவும் ஆண்டின் கடைசி மாதங்களில், அறுவடை குவியும் நேரத்தில். ஆட்களும் பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்புகிறவர்கள்.

மூன்றாவது தேயிலைக் காலம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். கோப்பி இலைநோய் தெரியவந்தது 1869இல். கொழுந்தைக் கழுவுவதில்லை. அதனால் ஸ்டோருக்கு (தோட்டத்துத் தொழிற்சாலைக்கு) தண்ணீரின் அளவைவிட விசைதான் வேண்டும், கொழுந்தை அரைக்கும் ரோலரைச் சுழற்ற. அதோடு கொழுந்து ஆண்டு முழுவதும் வரும். குடும்பங்கள் லயத்தில் நிலையாகத் தங்கிவிடும், குடிதண்ணீர்த் தேவைக்கு ஓய்வே இராது. கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறும்போது ஸ்டோரின் தண்ணீர் குறைந்து லயத்தின் தண்ணீர் கூடவேண்டும். விளையாட்டில் இந்த ஒரு மாற்றம் சரியாக விழுந்தால் வரலாற்றை விளக்க எழுத்துப்பெட்டி தேவைப்படாது.

வரைபடம்: ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம் போதாது

6 கிலோமீற்றர் சதுரமான ஒரு பள்ளத்தாக்கை 50 மீற்றர்க் கட்டங்களாகப் பிரித்தால் 14,400 கட்டம் வரும். கணினிக்கு அது சுமையல்ல. உயரத் தரவுக்கு இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து ராடாரால் அளந்த நில உயரங்கள்) போதும், அது 30 மீற்றர் இடைவெளியில் முழு மீற்றர் எண்களாக வருகிறது. இதில் மூன்று கண்ணிகள் உண்டு.

தரவில் பொய்ப்பள்ளங்கள் இருக்கும். அவற்றை நிரப்பாமல் விட்டால் ஓடை நடுவழியில் குளமாகித் தேங்கிவிடும். பள்ளம் நிரப்பும் வழிமுறையை வரைபடம் தயாரிக்கும்போதே ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

வாய்க்காலின் சரிவு தரவின் நுணுக்கத்தைவிடச் சிறியது. 500க்கு 1 என்ற சரிவில் 50 மீற்றர்க் கட்டம் ஒன்றைக் கடக்கும்போது வாய்க்கால் இறங்குவது 10 சென்ரிமீற்றர். முழு மீற்றரில் சேமித்த நில உயரத்தில் இது தெரியவே தெரியாது. ஆகவே வாய்க்காலின் அடித்தள உயரத்தைத் தனி எண்ணாக, சென்ரிமீற்றரில் வையுங்கள்.

மூன்றாவதுதான் பலர் தவறவிடுவது. 30 பாகைச் சரிவில் 50 மீற்றர்க் கட்டம் ஒன்றின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே ஏறக்குறைய 29 மீற்றர் வித்தியாசம். அந்தக் கட்டத்துக்குச் சராசரி உயரம் என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கட்டம் 6 மீற்றர் கூட இருப்பதால் வாய்க்கால் போகாது என்று நிரல் மறுத்தால், மலையில் ஒரு வாய்க்காலும் வெட்ட முடியாது. உண்மையான வாய்க்கால் சரிவின் இடுப்பைச் சுற்றிப் போகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மிகக் குறைந்த உயரம், மிகக் கூடிய உயரம் என இரண்டு எண் கொடுங்கள். வாய்க்காலின் அடித்தளம் அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் கட்டம் கடக்கத்தக்கது. கூடிய உயரத்தையும் தாண்டி மேலே நின்றால் கால்நட்டு மரத்தொட்டி போடவேண்டும். குறைந்த உயரத்துக்கும் கீழே போனால் ஆழ வெட்டவேண்டும். 2 மீற்றர் ஆழம் வரை சாதாரணக் கூலி, அதற்கு மேல் மூன்று மடங்கு என்று தொடங்கலாம்.

பாதை தேட டைக்ஸ்ட்ரா வழி (மிகக் குறைந்த செலவுள்ள பாதையைத் தேடும் கணினி வழிமுறை) போதும். சரிவு நிலையானது என்பதால் வந்த தூரமே அடித்தள உயரத்தைச் சொல்லிவிடும். ஒரு கட்டத்துக்குக் குறுகிய பாதை ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் தவறும். சில இடங்களில் சுற்றிவந்து தாழ்ந்து சேரும் பாதைதான் அடுத்த கணவாயைக் கடக்கும். கட்டத்துக்கு நான்கு பாதை வரை வைத்திருங்கள்.

மழையும் ஊற்றும்

மலையகத்துக்கு ஒரே பருவகாலம் போடுவது பெரிய பிழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டும். வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். அதே மாதங்களில் மலைமுகட்டுக்கு அந்தப்பக்கம் ஊவாவில், பண்டாரவளை, பதுளைப் பக்கம், கச்சான் காற்று மண்ணை உலர்த்திக்கொண்டிருக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவமழையில் நிலை மாறும். வரைபடத்தின் நடுவே முகடு ஒன்று ஓடினால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மழை அட்டவணை எழுதுங்கள். ஒரு பக்கம் மண்சரிவில் சாகும்போது மறுபக்கம் தண்ணீருக்கு அலைவது ஆட்டத்துக்கு இயல்பாகவே வந்துவிடும்.

ஆண்டை 24 சுற்றாகப் பிரியுங்கள், ஒரு சுற்று 15 நாள். ஒவ்வொரு ஊற்றுக்கும் மேலே ஒரு நிலத்தடிச் சேமிப்பு இருப்பதாக வைத்து, மழையில் ஒரு பங்கை அதில் போட்டு, சுற்றுக்கு 10 சதவீதத்தை வெளியே விடுங்கள். 10 ஹெக்டேயர் காட்டில் ஒரு சுற்றில் 100 மில்லிமீற்றர் பெய்தால் விழுவது 10,000 கனமீற்றர். 60 சதவீதம் உள்ளே போனால் சேமிப்பில் 6,000 கூடும். அதில் 10 சதவீதம் 15 நாளில் வெளிவந்தால் செக்கனுக்கு 0.46 லீற்றர். மழை நின்று ஆறு சுற்று கழிந்தால் ஊற்று பாதிக்குச் சற்று மேலே நிற்கும். மலையூற்று இப்படித்தான் மெல்ல மெல்ல மெலியும், ஒரே நாளில் வற்றாது.

60 சதவீதம் என்பது காட்டுக்கு. கான் (வடிகால்) வெட்டிய தேயிலை மலைக்கு 40, வெட்டி வெளியாக்கிய நிலத்துக்கு 20 என்று வைத்துத் தொடங்குங்கள். இவை அளந்த எண்களல்ல, ஆட்டத்தைச் சமப்படுத்தும் தொடக்க எண்கள். ஆனால் திசை உண்மையானது. முகட்டுக் காட்டை வெட்டினால் மழைக்காலத்தில் ஓடை பொங்கும், வெயில் காலத்தில் ஊற்று சுருங்கும். காடு வெட்டிய ஆட்டக்காரருக்கு முதல் இரண்டு சுற்றில் ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் சரி.

வாய்க்கால்: சரிவைத் தொட்டால் எல்லாம் மாறும்

30 சென்ரிமீற்றர் அகலம், 20 சென்ரிமீற்றர் நீராழம் கொண்ட மண் வாய்க்காலை அடிப்படையாக எடுங்கள். 1,000க்கு 1 சரிவில் செக்கனுக்கு 12 லீற்றர், ஓட்டத்தின் வேகம் செக்கனுக்கு 0.2 மீற்றர். வண்டல் படிந்து அடைக்கும். 500க்கு 1 சரிவில் 17 லீற்றர், ஓட்டம் 0.3 மீற்றரை நெருங்கும், இது தாங்கும். 100க்கு 1 சரிவில் 39 லீற்றர், ஓட்டம் 0.65 மீற்றர். வாய்க்கால் தன் அடியைத் தானே அரிக்கத் தொடங்கும், கல் பதிக்காமல் நிற்காது. ஆட்டக்காரருக்கு இந்த மூன்றையும் தெரிவாகக் கொடுத்தாலே போதும். மென்சரிவு உயரத்தைச் சேமிக்கிறது, ஆனால் ஒவ்வொரு ஆண்டும் தூர்வார ஆள் கேட்கிறது. வன்சரிவு உயரத்தைத் தின்கிறது, கல்லும் கேட்கிறது.

உலகத்தின் பழைய பொறியாளர்கள் இந்த ஒரு எண்ணோடு எவ்வளவு போராடியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பிரான்ஸின் நீம் நகருக்கு ரோமர் கட்டிய நீர்க்கால்வாய் 50 கிலோமீற்றர் ஓடி மொத்தமே 12.6 மீற்றர்தான் இறங்குகிறது. கலாவெவக் குளத்திலிருந்து அநுராதபுரம் போகும் ஜயகங்கை என்ற பழைய வாய்க்காலின் தொடக்கப் பகுதியில் கிலோமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் அளவுக்குத்தான் சரிவு. இவை சமதரையில் பெரிய நீரோட்டத்துக்கு ஏற்றவை. மலையில் சிறு வாய்க்காலுக்கு இந்தச் சரிவைப் போட்டால் முதல் மழையிலேயே வண்டல் மூடிவிடும். மலைக்குப் பொருத்தமான உதாரணம் பெருவின் மச்சு பிச்சு. 749 மீற்றர் நீளக் கல்வாய்க்கால் ஒன்று ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து 16 பீலிகளில் ஒன்றிலிருந்து ஒன்றாக இறக்குகிறது. நம் தோட்டத்துப் பீலிக்கரையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஏற்பாடு உடனே புரியும்.

கசிவைக் கழிக்க மறக்காதீர்கள். மண் வாய்க்காலில் 100 மீற்றருக்கு 5 சதவீதம் என்று வைத்தால் ஒரு கிலோமீற்றர் முடிவில் 60 சதவீதமே மிஞ்சும். களிமண் மிதித்து 2 சதவீதமாக்கினால் 80க்கு மேல் வந்து சேரும்.

அநுராதபுரத்துக் குளமுறையை மலைக்குள் கொண்டுவர வேண்டாம். 1,000க்கு 1 சரிவான பள்ளத்தில் 5 மீற்றர் அணை கட்டினால் நீர் 5 கிலோமீற்றர் பின்னுக்குப் பரவும். மலை ஓடையில் சரிவு 20க்கு 1. அதே அணையில் நீர் 100 மீற்றரோடு நின்றுவிடும். மலையில் குளம் விலையுயர்ந்ததாகவும் சிறியதாகவும் இருக்கட்டும்.

பீலிக்கரையில் ஒரு காலை

தினக் கணக்கு மட்டும் போட்டால் லயத்துத் தண்ணீர்ப் பிரச்சினை விளையாட்டில் தோன்றவே தோன்றாது. 12 காம்பரா (அறை) லயம் ஒன்றில் 60 பேர். ஆளுக்கு 20 லீற்றர் என்றால் நாளுக்கு 1,200 லீற்றர். செக்கனுக்கு 0.05 லீற்றர் மட்டுமே விழும் மெலிந்த பீலிகூட நாளுக்கு 4,320 லீற்றர் தருகிறது. தேவைக்கு மூன்று மடங்குக்கு மேல். நிரல் பச்சை விளக்குக் காட்டும்.

இப்போது பீலிக்குக் கீழே ஒரு குடத்தை வையுங்கள். 15 லீற்றர்க் குடம் நிறைய 300 செக்கன், ஐந்து நிமிடம். பெரட்டுக்கு (வேலைக்கு முன் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகுமுன் இருக்கும் ஒரு மணி நேரத்தில் நிறைவது 12 குடம். தேவை 80. மீதிப் பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பவேண்டும், இல்லையேல் கீழே ஓடைக்கு இறங்கவேண்டும், இல்லையேல் பெரட்டுக்குப் பிந்தி அரைநாள் பேரை (கூலியை) இழக்கவேண்டும். இரவு முழுவதும் விழுந்த தண்ணீரோ யாருக்கும் பயன்படாமல் கானில் ஓடிவிட்டது.

ஆகவே குடிதண்ணீரை மட்டும் ஒரு நாளில் மூன்று வேளையாகக் கணக்கிடுங்கள்: விடியல், பகல், இரவு. தேவையின் பெரும்பங்கை விடியலில் போடுங்கள். பிறகு பீலிக்கடியில் தொட்டி கட்டும் வசதியைக் கொடுங்கள். 1.5 மீற்றர் நீளம், 1.2 அகலம், 1 மீற்றர் ஆழம் என்றால் 1,800 லீற்றர். அதே 0.05 லீற்றர் ஓட்டம் இரவு 10 மணி நேரத்தில் அதைச் சரியாக நிரப்பிவிடும். விடியலில் வரிசை கலைந்துபோகும். ஆட்டத்தில் மிக மலிவான கட்டடம் மிகப் பெரிய நன்மை தருவது இந்த இடத்தில்தான். துரை (தோட்ட நிர்வாகி) அதைக் கட்டாமல் ஆண்டுக்கணக்கில் விடவும் முடியும் என்பதையும் ஆட்டம் அனுமதிக்கவேண்டும். அப்படி விட்டால் அந்த நேரச் செலவு லயத்துப் பெண்களின் நாளிலிருந்து போகிறது என்பதை எண்ணாகவே திரையில் காட்டுங்கள். குடம் சுமந்த மணித்தியாலம் ஒரு நிரந்தரப் பத்தியாக இருக்கட்டும்.

சக்கரமும் பெல்டனும்

விசைக்கான கணக்கு எளிது: 9.81 பெருக்கல் செக்கனுக்குக் கனமீற்றர் பெருக்கல் வீழ்ச்சி மீற்றர் பெருக்கல் திறன். விடை கிலோவாற்றில் வரும். திறனை 0.6 என்று வையுங்கள். 6 மீற்றர் விட்டமுள்ள, மேலிருந்து நீர் விழும் சக்கரத்துக்குச் செக்கனுக்கு 100 லீற்றர் விட்டால் 3.5 கிலோவாற்று. 60 மீற்றர் வீழ்ச்சியில் வைத்த பெல்டன் சில்லுக்கு (குழாயிலிருந்து பீறிடும் நீர் கிண்ணங்களில் மோதிச் சுழற்றும் சக்கரத்துக்கு) 10 லீற்றரே போதும், ஏறக்குறைய அதே விசை. பத்தில் ஒரு பங்கு தண்ணீர், பத்து மடங்கு உயரம். பெல்டன் காப்புரிமை 1880இல்தான். அதற்கு முந்திய ஆண்டுகளில் இந்தத் தெரிவைப் பூட்டி வையுங்கள்.

பெல்டனுக்கு விலை இரும்புக் குழாய். 100 மில்லிமீற்றர் வார்ப்பிரும்புக் குழாய், சுவர் 10 மில்லிமீற்றர் என்றால் மீற்றருக்கு 25 கிலோ. 150 மீற்றர் நீளத்துக்கு ஏறக்குறைய 3.7 தொன். மாட்டுவண்டிக்கு 500 கிலோ என்று வைத்தால் எட்டு நடை. இங்கே ரயிலைக் கொண்டுவாருங்கள். பாதை கண்டியை அடைந்தது 1867, நாவலப்பிட்டி 1874, நானுஓயா 1885, பண்டாரவளை 1894, பதுளை 1924. ஒவ்வொரு ஆண்டும் குழாயின் விலையை அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கான வண்டித் தூரத்தால் தீர்மானியுங்கள். ஊவாத் தோட்டம் ஏன் பிந்தியது என்பது தானாக விளங்கும்.

சிறு குழாய் வாங்கிப் பணம் மிச்சம் பிடிக்கும் ஆட்டக்காரரைத் தண்டிப்பது உராய்வு. அந்த 100 மில்லிமீற்றர்க் குழாயில் 10 லீற்றர் ஓடினால் 150 மீற்றரில் 4.6 மீற்றர் உயரம் போகும். 75 மில்லிமீற்றர் போட்டால் 18 மீற்றருக்கு மேல் போய்விடும். பொது விதி: அதே ஓட்டத்துக்கு விட்டத்தைப் பாதியாக்கினால் இழப்பு ஏறக்குறைய 30 மடங்கு. ஒரு விலை அட்டவணையோடு இந்த ஒரு விதியைச் சேர்த்தால் போதும்.

குழாய் நடுவில் மேடேறலாம், வாய்க்கால் ஏறாது. குழாய் வழியில் ஒவ்வொரு முனையிலும் (கணக்கிடும் புள்ளியிலும்) தொடக்க உயரத்திலிருந்து இதுவரையான உராய்வையும் அந்த இடத்து உயரத்தையும் கழியுங்கள். மிச்சம் பூச்சியத்துக்குக் கீழே போனால் ஓட்டம் நிற்கும். மிச்சம் 10 மீற்றருக்கு ஒரு பார் அழுத்தம். மூங்கில் பொருத்துக்கு 5 மீற்றர், சுட்ட மண் குழாய்க்கு 15 மீற்றர் என்று எல்லை வைத்தால் இரும்பு வரும்வரை ஆழப் பள்ளத்தைக் குழாயில் கடக்க முடியாது.

எது கெடும், ஏன்

விபத்தைப் பகடையால் மட்டும் வரவழைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஆட்டக்காரர் கண்டிருக்கக்கூடிய காரணம் இருக்கட்டும். கம்பு அணை பெருவெள்ளத்தில் போவது குறைபாடல்ல, அது போவதால்தான் வாய்க்கால் தப்புகிறது. ஒரு சுற்றுக் கூலியில் திரும்பக் கட்டலாம். கல் அணை நின்றுவிட்டு, மதகு மூடாதிருந்தால், வெள்ளம் வாய்க்காலுக்குள் புகுந்து சரிவையே உடைக்கும். மண் வாய்க்கால் கசியும் கட்டத்துக்குக் கீழே உள்ள செங்குத்துக் கட்டங்களில் ஈரம் சேரட்டும். மூன்று சுற்று தொடர்ந்து அடைமழை பெய்தால் அங்கே மண் சரியும், அதன் கீழே லயம் இருந்தால் லயமும் போகும். சருகுத் தடுப்பும் மணல்தொட்டியும் இல்லாத குழாய் பருவத்துக்கு ஒரு தடவை அடைக்கும், மணல் பெல்டனின் கிண்ணங்களைத் தேய்த்துத் திறனைக் குறைக்கும். குழாயின் மேட்டில் காற்றுத் திறப்பு இல்லாவிட்டால் ஓட்டம் மெதுவாகக் குறையும். ஆட்டக்காரர் ஊற்று வற்றிவிட்டதென்று நினைத்துப் புது ஊற்றுத் தேடப் போவார். கண்டுபிடித்தால் மகிழ்ச்சி தரும் பிழை இது, வைத்துவிடுங்கள்.

அசுத்தம் எப்போதும் கீழ்நோக்கிப் போகும். பீலிக்கு மேலே மாட்டுப்பட்டியோ மலசலக் குழியோ கோப்பி கழுவிய நீரோ இருந்தால் வயிற்றோட்டம் கீழ் லயத்தில்தான் வரும், மேல் லயத்தில் வராது.

யார் மேலே, யார் கீழே

ஒரே ஓடையில் மூன்று பேர் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிட்டது. பங்கிடும் முறை இரண்டு போதும். ஒன்று முறைத்தண்ணீர்: இந்த நாள் உனக்கு, அந்த நாள் எனக்கு. காவலுக்கு ஆள் வேண்டும், இரவில் மடை திறப்பவர் இருப்பார். மற்றது ஒரே மட்டத்தில் வைத்த கட்டையில் நிலத்துக்கேற்ற அகலத்தில் வெட்டிய வாய்கள். ஓட்டம் கூடினாலும் குறைந்தாலும் பங்கு மாறாது, காவல் வேண்டாம், ஆனால் வறட்சியில் எவருக்கும் போதாத தண்ணீர் எல்லோருக்கும் போகும். கிராமத்துப் பக்கம் வெல்விதானையும் (வயல் தண்ணீரைப் பங்கிடும் ஊர் அலுவலர்) தோட்டத்துப் பக்கம் கணக்கப்பிள்ளையும் (வேலையை மேற்பார்ப்பவர்) பேசி முடிக்கும் காட்சிகளை இந்த இரண்டுக்கும் இடையில் வையுங்கள். தோட்டம் மேலே வந்தபிறகு கீழ்க்கிராமத்து வயல் வாய்க்காலில் என்ன மாறுகிறது என்பதைக் காட்டாத மலையக வரைபடம் பாதி வரைபடம்தான்.

நிரலின் ஒழுங்கும் சோதனையும்

ஒவ்வொரு சுற்றிலும் மழை, நிலத்தடிச் சேமிப்பு, ஊற்று, பிறகு எல்லா முனைகளையும் உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததுக்கு வரிசைப்படுத்தி ஒரே தடவை நடந்து வாருங்கள்: வரும் தண்ணீர், கசிவு, எடுத்தது, தொட்டி, மிஞ்சியது ஓடைக்கு. குழாய் மேடேறும் இடத்தில் இந்த வரிசை குழம்பும், ஆகவே ஒரு குழாய்த்தொடரை அதன் தலைவாயின் உயரத்தில் ஒற்றை முனையாக வரிசையில் வையுங்கள். சுற்று முடிவில் மொத்த வரவிலிருந்து செலவு, கசிவு, சேமிப்பு மாற்றம் மூன்றையும் கழித்துப் பாருங்கள். பூச்சியம் வராவிட்டால் எங்கோ தண்ணீர் பிறக்கிறது அல்லது மறைகிறது. பெரும்பாலும் தொட்டி வழியும் இடத்தில்தான் அந்த ஓட்டை இருக்கும்.

கடைசிச் சோதனைக்கு மேற்குச் சரிவில் ஒரு லயம், அதற்கு மேலே ஊற்று, அதற்கும் மேலே காடு, இவ்வளவு மட்டும் வைத்து ஒக்டோபரில் காட்டை வெட்டுங்கள். அந்தச் சுற்றில் பீலி மாறக்கூடாது. அடுத்த மார்ச் விடியலில், தொட்டியில்லாத பீலிக்கரையில், வரிசை நீண்டிருக்கவேண்டும். நீளாவிட்டால் உள்ளே போகும் மழைப் பங்கையும் சுற்றுக்கு வெளிவிடும் 10 சதவீதத்தையும் திரும்பத் திருத்துங்கள்.